வயரோட அந்த முனை

கிட்ட வாங்க. கதவை யாராச்சும் சாத்துங்க... பேய்னா ராத்திரிதான் வரும்னு எவன் சொன்னான்?

வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒண்ணேகால். ஆம்பூர்ல ஜும்மா தொழுகை நேரம். தோல் கம்பெனிங்க பக்கம் போற ரோட்டுல ஈ காக்கா இல்ல. வண்டில போறது ஒருத்தன்தான்... நம்ம அன்பரசனோட மச்சான் இன்பராஜ். கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன்.

அவன் போற கம்பெனியோட டிரம் ரூம்ல, தோல் ஊறுற இடத்துல, கம்ப்யூட்டர் வச்சா ஆவி பட்டே துருப்பிடிச்சிரும். அதனால மெஷின் மாடி ஆபீஸ்ல, கீபோர்டு மட்டும் கீழ. கீபோர்டு வயரை அவ்ளோ தூரம் இழுத்தா வேலை செய்யாது. அதனால ரெண்டு முனையிலயும் சிக்னலைக் கடத்துற ஒரு சின்ன பாக்ஸ், நடுவுல இன்டர்நெட் வயர்.

மேனேஜர் சுப்பராயன் போன்ல சொன்னாரு: "தானா டைப் ஆவுதுப்பா. மேல இருக்கிற பாக்ஸை மட்டும் மாத்திட்டுப் போ. கீழ போவாத."

ஏன் போவக்கூடாது? இன்பராஜுக்கு அப்பவே உறுத்திச்சு.

ஆபீஸ்ல ஒரு ஆள் இல்ல. ஸ்கிரீன்ல இங்கிலீஷ் எழுத்து 'கே'... 'கே'... 'கே'... நிக்காம ஓடுது. எவனோ விளையாடுறான்னு நெனச்சான். அப்புறம்தான் தோணுச்சு. விஷவாயு அடிச்சு எவனாச்சும் கீபோர்டு மேலயே விழுந்து கிடந்தா? விரல் ஒரு பட்டன் மேல கிடந்தா இப்படித்தானே ஓடும்?

வயரைப் பாத்துக்கிட்டே இறங்கி ஓடினான். அழுகின முட்டை நாத்தம், குப்புனு... அது அடிச்சாகூட பரவால்ல. திடீர்னு நின்னாதான் ஓடணும். வாயு ஏறி மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். தோல் வேலை பாக்கற எல்லாருக்கும் இது தெரியும்.

டிரம் ரூம் கதவுல புதுப் பூட்டு. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான்.

ஆள் இல்ல. கீழ இருக்கிற பாக்ஸ்லருந்து வயரைப் புடுங்கித் தொங்கவிட்டிருக்கு. கீபோர்டு மேல பிளாஸ்டிக் கவர். அந்தக் கவர்ல, ஒரு பட்டன் மேல மட்டும், விரல் அளவுக்கு ஒரு குழி... அவன் பாக்கறப்பவே அது மெதுவா மேல எழும்பிச்சு.

நாத்தம் நின்னுபோச்சு.

விழுந்தடிச்சு ஓடினான். கேட்டுல சுப்பராயன், சாப்பிட்டுட்டு வர்றாரு. இன்பராஜ் எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே அவரே கேட்டாரு:

"இன்னும் 'கே' தானா?"

தப்பிச்சிட்டான்னுதானே நெனைக்கிறீங்க? நாலு மாசம் ஆச்சு. பிரியாணி, மல்லிப்பூ, பெட்ரோல்... மூக்குக்கிட்ட கொண்டுபோனாலும் அவனுக்கு ஒண்ணும் தெரியல.

நாத்தம் நின்னா ஓடணும்னு சொன்னேன்ல... அவனுக்கு இன்னும் எந்த நாத்தமும் வரல.