ஒற்றைக்கைக்காரர் கட்சி

டென்னிஸ் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மட்டையில் குறுக்கும் நெடுக்குமாக நரம்பு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இருக்காது. பந்து எங்கே விழுந்தது, ஜெயித்தவர் எப்படிக் குதித்தார், இதைத்தான் பார்ப்பார்கள். நான் இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊர் டென்னிஸ் கிளப்பில் மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறேன். ஒரு மட்டையைக் கையில் வாங்கினாலே அதன் சொந்தக்காரர் சோம்பேறியா, அவசரக்காரரா, தோற்றால் அதைத் தரையில் ஓங்கி அடிக்கிறவரா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை சார். நீங்கள் எழுதிக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

எங்கள் கிளப்பில் ஆட்டம் அரை மணி, வாய்ச்சண்டை இரண்டு மணி. ஆண்கள் டென்னிஸில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் யார் என்பதுதான் சண்டை. மூன்று ஆட்டக்காரர்கள், மூன்று கட்சி. செயலாளர் இடதுகைக்காரர் கட்சி. ஏன் என்று கேட்டால் அந்த ஆட்டக்காரர் மாதிரியே முஷ்டியை மடக்கிக் காட்டுவார். அவர் வாதம் அத்தோடு முடிந்தது. என் தங்கையின் கணவர், பல் டாக்டர், ரப்பர்காரர் கட்சி. அந்த ஆட்டக்காரர் உடம்பை எப்படி வேண்டுமானாலும் வளைப்பார் என்பதால் நாங்கள் வைத்த பேர் அது. நான் ஒற்றைக்கைக்காரர் கட்சி. மற்றவர்கள் மட்டையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு திருப்புகிற பந்தை, ஒரே கையால் சட்டையில் தூசி தட்டுகிற மாதிரி அடிப்பாரே, அவர். இதைக் கட்சி என்பதே தப்பு. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்கிறவன் எந்தக் கட்சி?

மாப்பிள்ளையின் வாதம் முழுக்க எண்ணிக்கை. எத்தனை கோப்பை, எத்தனை வாரம் முதலிடம், நேருக்கு நேர் எத்தனை வெற்றி. போனைப் பார்த்துப் படிப்பார்; சுற்றி நிற்கிற கூட்டம் ஆமாம் சாமி போடும். வாழ்நாளெல்லாம் பல் எண்ணிய மனிதருக்கு வேறென்ன வரும்? அழகை எண்ண முடியாது மாப்பிள்ளை என்று ஒருநாள் பொறுமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“மச்சான், நீங்க கயிறு கட்டுங்க. கணக்க எங்ககிட்ட விட்டுடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதனால்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், நான் அவ்வளவு அற்பமானவன் இல்லை. அது நடந்தே மூன்று வருஷம் ஆகிறது. ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்தே முக்கால்.

போன வருஷம் மாப்பிள்ளைக்கு இதயத்தில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். இனி இரட்டையர் ஆட்டம் மட்டும்தான், அதுவும் வெயில் ஏறுவதற்குள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைத் தங்கை அவருடைய பையின் பக்க அறையில் போட்டு, எந்த அறை என்று என்னிடம் காட்டியும் வைத்தாள். “அண்ணா, நீ அங்கயேதான இருக்க, பாத்துக்கோ” என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் அந்த வாக்கெடுப்பு. பெரியவர் யார் என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாமாம். மாப்பிள்ளையின் யோசனை. முடிவைக் கரும்பலகையில் எழுதினார்கள். ரப்பர் முப்பத்தொன்று, இடதுகை பதினான்கு, ஒற்றைக்கை ஒன்று. அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று கண்டுபிடிக்கப் போலீஸ் தேவையில்லை என்று மாப்பிள்ளை தமாஷ் செய்தார். முப்பத்தொரு கழுதைகள் சேர்ந்து கத்தினால் அது கச்சேரி ஆகிவிடுமா சார்? ஒரு மாதம் அந்தப் பலகையை யாரும் அழிக்கவில்லை. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் வேலை செய்தேன்.

அந்த மாதக் கடைசியில் மாப்பிள்ளை தன் மட்டையை நரம்பு மாற்றக் கொடுத்தார். அவருக்கு எப்போதும் ஐம்பது பவுண்டு இழுப்பு. நரம்பு தளர்வாக இருந்தால் பந்தை அதுவே எறிந்துவிடும். இறுக்கிவிட்டால் மொத்த வேலையும் தோளுக்கும் மூச்சுக்கும் போய்விடும். நான் அறுபத்தைந்து இழுத்தேன். வேலை முடிந்ததும் வழக்கம்போல தேதியையும் இழுப்பையும் சீட்டில் எழுதி மட்டையின் கழுத்துக்குள் ஒட்டினேன். அறுபத்தைந்து என்றே எழுதினேன். ஐம்பது என்று எழுதியிருக்கலாம்தான். ஆனால் என் கையால் பொய்ச் சீட்டு இதுவரை ஒட்டியதில்லை. அவர் நினைவாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறேன் என்று மட்டையை எடுத்த செயலாளர் சீட்டைப் படித்துவிட்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் ஓடிவந்தார். இத்தனை வருஷமாக மட்டையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவர். உங்கள் ஆட்களோ அந்த எண்ணைப் பார்த்து, இது விலையா என்று கேட்டார்கள்.

மாத்திரை விஷயம் உங்களுக்குத் தெரியாது. நானாகத்தான் சொல்கிறேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

நரம்பு மாற்றிக் கொடுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உங்கள் ரப்பர்காரர் முப்பத்தைந்து தாண்டியும் ஐந்து செட் ஆடினாரே, அவர் கட்சிக்காரர் ஒரு செட் ஆட டாக்டரிடம் அனுமதி கேட்கிறாரே என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. ரோஷக்காரர், எனக்கு முன்னால் களத்துக்கு நடந்தார். நான் ஒரு பந்தைக்கூட வேகமாக அடிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாக இந்த மூலைக்கு ஒன்று, அந்த மூலைக்கு ஒன்று, வலைக்குப் பக்கத்தில் ஒன்று. பந்து போகவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டார். வயசாகிறது மாப்பிள்ளை என்றேன். நான்குக்கு மூன்று என்று அவர்தான் முன்னிலையில் இருந்தார். எண்ணிக்கைக்காரர், அந்தத் திருப்தியாவது இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

எட்டாவது ஆட்டத்தில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்தபடி பையைக் காட்டினார். நான் நடந்து போய், மாத்திரைக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்து எதிரே குந்தினேன். யார் பெரியவர் என்று கேட்டேன். அவர் சிரிக்கப் பார்த்தார்.

“விளையாடாதீங்க மச்சான். குடுங்க.”

“பேரச் சொல்லுங்க மாப்பிள்ளை. ஒரே ஒரு பேரு.”

அவர் சொன்னது என் தங்கையின் பேர். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. குப்பி என் உள்ளங்கையில்தான் இருந்தது. அவர் கை அதை எட்டவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து, மூன்றாவது தடவையும் மரியாதையாகவே கேட்டேன். அப்புறம் மாத்திரையை அவர் வாயில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஒன்பது நிமிஷத்தில் வந்தார்கள். குறை சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்து வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு, தங்கை என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கடைசியாக அவர் என்ன சொன்னார் அண்ணா என்று கேட்டாள். அவளுக்கு என்னிடம் அத்தனை நம்பிக்கை. நான் சொன்னதை ஒத்துக்கொண்டாரம்மா என்றேன். அவளிடம் நான் பொய் பேசுவதில்லை சார். மௌனம் சம்மதம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது மாப்பிள்ளை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.