ரெண்டு மாட்டேன்

ஹலோ... ஹலோ... ஆமா, நான்தான். அகதி முகாம் கிளினிக் நர்ஸ்தான் பேசுறேன்... ஆமா ஆமா, தெரியும் சார். முகாம் ஊழியர் ஸ்டிரைக்கை எப்படிச் சமாளிச்சாங்கன்னு விசாரிக்கிற கமிட்டி... தலைமை ஆபீஸ்லேர்ந்து மறுபடி கூப்பிடுவீங்கன்னு சொன்னாங்க... பாப்பா, டிவியைக் குறை! குறைன்னு சொன்னேன்... உங்களை இல்ல சார், என் பொண்ணை. நீங்க சொல்லுங்க.

போன தடவை நான் சொன்னதை டைப் அடிச்சாச்சா? சரி, படிங்க... ஆமா... மூணு மாசம் வேலைநிறுத்தம், ஆமா... வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டாங்க, ஆமா ஆமா... கிளினிக் ஆளுங்க மட்டும் வேலை பாக்கலாம்னு சங்கத்துல சொல்லிட்டாங்க, சரி... ம்... 'அன்று அழைக்கப்பட்ட ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மாட்டேன் என்று மறுத்துவிட்டார்'...

நில்லுங்க. நில்லுங்க சார். இதை யார் சொன்னது?... நானா?

மாட்டேன்னு சொன்னான்தான், இல்லேங்கல. எதை மாட்டேன்னான்னு சொன்னேனே, அது எங்க போச்சு?... சுருக்கிட்டீங்களா! சட்டையைச் சுருக்கச் சொன்னா கையையே வெட்டிட்டீங்களே சார்.

கோபமெல்லாம் இல்ல, என் குரலே இப்படித்தான்... சரி, கோபம்தான். அந்த ஓட்டுநர் என் தம்பி, அது தெரியுமில்ல?... ஸ்டிரைக் முடிஞ்சு எல்லாரும் வேலைக்குப் போயாச்சு. அவன் ஒருத்தனை மட்டும் விசாரணை முடியட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கீங்க. வீட்ல மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கான். இந்த ஒரு வரி போதும், ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க.

தம்பிங்கறதால பேசுறேனா? நல்லாக் கேட்டீங்க. எனக்கும் அவனுக்கும் பேச்சே இல்ல சார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சாப்பிடக் கூப்பிடணும்னாகூட, 'மாமாவை வரச் சொல்லு'ன்னு என் பொண்ணைத்தான் அனுப்புறேன். ஏன்னு சொல்றேன், சுருக்காம எழுதிக்குங்க.

ஸ்டிரைக் ஆரம்பிச்ச அன்னைக்கே, ஆம்புலன்ஸ் மட்டும் ஓடும்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. கையில கறுப்புத் துணியைக் கட்டிக்கிட்டு ஓட்டினாங்க. கூப்பிட்டா வருவாங்க, நோயாளியை எறக்கி விட்டுட்டு மறுபடி கேட்டுக்கு வெளிய போய் உக்காந்துக்குவாங்க. யாருக்கும் ஒரு குறையும் இல்ல. அப்பறம் உங்க ஆபீஸ்லேர்ந்து சர்க்குலர் வந்துது, கறுப்புத் துணியோட ஒருத்தரும் கேட்டுக்குள்ள கால் வெக்கக்கூடாதுன்னு... ஆமா, உங்க ஆபீஸ்தான். இது நடந்தது அந்தச் சர்க்குலர் வந்த மறுநாள்.

முகாம்ல இருந்த ஒரு பொண்ணுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை நல்லபடியாப் பொறந்துடுச்சு. ரத்தம்தான் நிக்கல. என்கிட்ட இருந்த மருந்தெல்லாம் குடுத்துப் பாத்துட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். தம்பிக்கு நான்தான் போன் பண்ணேன். விழுந்தடிச்சு ஓடி வந்தான் சார், ஒரு கால் செருப்பு வழியிலயே போச்சு. கேட்ல மேனேஜர் நிக்கிறார்... பேரெல்லாம் எதுக்கு, எங்களுக்கு அவர் கஞ்சிச்சட்டை. என்ன நடந்தாலும் மடிப்புக் கலையாத மனுஷன். வண்டிச் சாவி அவர் பாக்கெட்ல. 'கறுப்புத் துணியைக் கழட்டிட்டு உள்ள வா'ங்கறார். இவன், 'கழட்ட மாட்டேன், வண்டியைக் குடுங்க'ங்கறான். 'அப்ப விட மாட்டேன்'ங்கறார் அவர்.

ரெண்டு மாட்டேன் சார். உங்க பேப்பர்ல ஒண்ணுதான் இருக்கு.

எவ்வளவு நேரமா?... கடிகாரம் பாக்கற நிலைமையிலயா இருந்தேன்? இதோ வண்டி வந்துடும், இதோ வந்துடும்னு அவகிட்ட சொல்லிக்கிட்டே வயித்தை அமுக்கிக்கிட்டு இருந்தேன். வரல. ஆயாவை அமுக்கச் சொல்லிட்டு, ரத்தக் கையுறையோட கேட்டுக்கு ஓடினேன். ரெண்டு ஆம்பளைங்க கேட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னு நியாயம் பேசிக்கிட்டு இருக்காங்க! தம்பி கையைப் பிடிச்சு இழுத்து, கத்திரிக்கோலால துணியை வெட்டி எறிஞ்சேன். அப்பறம்தான் சாவி வெளிய வந்துது.

ஆமா, வண்டி ஓடுச்சு... என்னது?... 'ஆம்புலன்ஸ் சேவை தடைபடவில்லை'யா? அப்படியும் எழுதியிருக்கீங்களா? ஓடுச்சு சார், ஓடுச்சு. பாலம் தாண்டறதுக்குள்ள அவ போயிட்டா.

...

இருக்கேன். இருக்கேன். தண்ணி குடிச்சேன்.

அந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி நான்தான் போடுறேன். அவங்கப்பா தூக்கிட்டு வருவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு நன்றி சொல்லிட்டுப் போறார் சார். எனக்கு!

தம்பி மேல தப்பே இல்லைன்னு யார் சொன்னா? ஒரு முழத் துணி. கழட்டித் தொலைச்சிருந்தா குடியா முழுகிப் போயிடும்? அதுக்குத்தான் அவன் மூஞ்சியைப் பாக்காம இருக்கேன். அது எங்க வீட்டு விஷயம். அதுக்காக, ஓடி வந்தவனை வரலைன்னு நீங்க எழுதலாமா?

ஒரு நிமிஷம் சார்... என்னடா?... எவ்வளவு நேரமா நிக்கிற இங்க?... ஆமா, உன்னைப் பத்திதான். விசாரணைக்காரர்... என்ன? சத்தமாச் சொல்லு... வேண்டாம்டா... டேய், அப்படியே எழுதிடுவாங்கடா, வாயை மூடு... சரி, சரி. சொல்றேன்.

சார், என் தம்பி பேசுறான். கதவுக்குப் பின்னாலேர்ந்து எல்லாத்தையும் கேட்டிருக்கான். எழுதிக்கச் சொல்றான்... கழட்டியிருக்கணும்ங்கறான். கழட்டியிருந்தா அவ பொழைச்சிருப்பாளா தெரியாது, ஆனா கழட்டியிருக்கணும், தப்புதான்ங்கறான்... அழாதடா. இங்க வா. அக்கா பக்கத்துல உக்காரு... உக்காருடா.

எழுதியாச்சா? ஒரு வார்த்தை விடாம?... நல்லது. இதே கேள்வியை மேனேஜர்கிட்ட கேட்டீங்களா, திறந்து விட்டிருக்கணுமான்னு?... ம்... அவர் சர்க்குலர்ல இருக்கறபடிதான் செஞ்சாரா. சரி, ஒத்துக்கறேன். அப்ப சர்க்குலர் அனுப்பினவரைக் கேட்டீங்களா?... அது விசாரணைக்குள்ள வராதா? ஏன் வராது?... இல்ல, புரியல, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. கேட்ல ஒட்டின காகிதத்துல 'உத்தரவுப்படி'ன்னுதான் இருந்துது, பேர் இல்ல. யார் போட்ட உத்தரவு அது?... சும்மா தெரிஞ்சுக்கத்தான்... சார்?... ஏன் பேசாம இருக்கீங்க?

...

நீங்களா?

...

இல்ல, நான் கத்தல. வெச்சுடாதீங்க. நீங்களே உத்தரவு போட்டுட்டு, நீங்களே விசாரிக்கிறீங்களா... சரி, விடுங்க, அதைக்கூடக் கேக்கல. என் தம்பி வேலை போனாப் போகுது. 'தப்புதான்'னு அவன் சொன்னானே ஒரு வார்த்தை, அதை நீங்களும் ஒரு தடவை சொல்லுங்க. எழுத வேண்டாம் சார், போன்ல சொன்னாப் போதும். பக்கத்துல உக்காந்திருக்கான், அவன் காதுல வெக்கிறேன்... இந்தா, பிடிடா... சொல்லுங்க சார்... என்னடா, வெச்சுட்டாரா? இங்க குடு... ஹலோ?... ஹலோ...