தவளைக்கு நான் அனுப்பிய செய்தி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண் ஆகியவை இந்தத் தாளின் மேல்பகுதியில் எழுதியுள்ளபடி சரியானவை. வயது நாற்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் பதினாறு வருடமாக லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்தும் வேலை செய்கிறேன். கடைக்கு மேல் மாடியில் ஓர் அறையில் குடியிருக்கிறேன். யாரும் கூப்பிடாமல், யாரும் வற்புறுத்தாமல் நானாகவே இன்று திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் அம்மா முன்னிலையில் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர் அக்கா ஒருவர்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருக்கிறார். அவர் கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. சிறு வயதில் எனக்குத் தலைவாரிவிடும்போது நான் அசையாமல் இருப்பதற்காக அக்கா ஏதாவது கேள்வி கேட்பார், பதில் சொன்னால் அடுத்த கேள்வி நான் கேட்கலாம். அந்தப் பழக்கம் பெரியவர்களான பிறகும் விடவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு அதையே ஃபோனில் ஒரு குழுவாக ஆரம்பித்தோம். மாலை ஆறு முதல் ஏழு வரை. ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், முதலில் சரியாகச் சொல்பவர் அடுத்த கேள்வி கேட்க வேண்டும், எங்கும் தேடிப் பார்க்கக் கூடாது. பரிசு, மதிப்பெண் எதுவும் கிடையாது. ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவர், இன்னும் மூன்று பேர் என்று மொத்தம் ஏழு பேர் இருந்தோம். ஒருவரை ஒருவர் பட்டப்பெயரால்தான் கூப்பிடுவோம். என்னைக் 'கண்ணாடி' என்பார்கள். அக்காவின் கேள்விகளில் பாதிக்கு நான்தான் பதில் சொல்வேன், என் கேள்விகளில் பாதிக்கு அக்கா சொல்வார். இடையில் நுழைய முடியவில்லை என்று நில அளவையாளர் கேலி செய்வார். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும்.

சென்ற வருடம் லாரி ஓட்டுநர் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டார். பக்கத்து ஊரில், பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில், கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவர் என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, இரையை விழுங்குவதற்குக் கண்ணைப் பயன்படுத்தும் பிராணி எது என்பது. நான் கண் சம்பந்தப்பட்ட வேலையில் இருப்பவள். எனக்குத் தெரியவில்லை. அக்கா தவளை என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழேயே, "எங்க வீட்டுக் கண்ணாடிக்கே இது தெரியல பாருங்க" என்று எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தவளை என்றே பெயர் ஆனது. அக்கா விளையாட்டாக எழுதியதுதான். ஆனால் அந்த வரியை நான் அன்று பலமுறை எடுத்துப் படித்தேன்.

அதன் பிறகு நடந்தவற்றை நான் கவனித்தபடி சொல்கிறேன். தவளை கேள்வி கேட்டால் அக்கா தப்பாகப் பதில் சொன்னாலும் ஏன் அப்படி நினைத்தேன் என்று விளக்கி நாலு வரி எழுதுவார். நான் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும், சில நாள் அதுவும் வராது. நான் முதல் நாளே யோசித்து வைத்த கேள்வியை ஆறு மணிக்குக் கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அக்கா 'ஆன்லைன்' என்று காட்டும், பதில் இருக்காது. அந்த நேரத்தில் தவளையுடன் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அக்கா முன்பு தன் பழைய டேப்லெட்டை எனக்குக் கொடுத்திருந்தார், அதில் அவருடைய கணக்கு மூடப்படாமல் அப்படியே இருந்தது. நான் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. தினமும் கடையில் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்து அவர்கள் இருவரும் எழுதியதைப் படித்துவந்தேன். அதில் தப்பாக ஒன்றும் இல்லை. பசுவுக்கு எத்தனை வயிறு, எந்த ஊர் டிரைவர் என்ன சொன்னார் என்று அப்படித்தான் இருக்கும். ஒருமுறை தவளை, "உங்ககிட்ட பேசுனா ஒரு நாள் ஓடிப்போயிடுது" என்று எழுதியிருந்தார். அக்கா, "எனக்கும்தான்டீ" என்று எழுதியிருந்தார். அக்கா என்னைத் தவிர யாரையும் 'டீ' போட்டுப் பேசி நான் பார்த்தது இல்லை. அன்று மதியம் ஒரு லென்ஸை அச்சுக்கோணம் தவறி வெட்டி வீணாக்கிவிட்டேன். பதினாறு வருடத்தில் அது இரண்டாவது தடவை.

அதன் பிறகு தவளை எங்கேயோ பார்த்துதான் பதில் சொல்கிறார் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. ஆதாரம் கிடையாது. குழுவில் ஜாடையாக இரண்டு தடவை எழுதினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அக்கா மட்டும் ஃபோன் செய்து, "உனக்கு என்ன ஆச்சு, சின்னப் பிள்ளை மாதிரி பண்றே" என்று கேட்டார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் போனால் தங்கும் சின்ன அறையில் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தது, என் பெட்டிகள் இரண்டும் அலமாரிக்கு மேலே ஏற்றப்பட்டிருந்தன, வாசல் கதவுக்குப் புதிதாக ஒரு சாவி செய்து ஆணியில் மாட்டியிருந்தது. யாருக்கு என்று கேட்டதற்கு, ஒருத்தி கொஞ்ச நாள் தங்க வருகிறாள், விவரம் பிறகு சொல்கிறேன், இப்போது கேட்காதே என்றார். நான் கேட்கவில்லை. யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் வருகிறார் என்பது எனக்குத் தெரியாது. பின்னால் தெரிந்தபடி, தவளையின் கணவர் அவரை மூன்று வருடமாக அடித்துவந்திருக்கிறார், தினமும் அவர் ஃபோனை வாங்கிப் படிப்பாராம், கேள்வி விளையாட்டு என்பதால் அந்தக் குழுவையும் அக்காவுடன் பேசுவதையும் மட்டும் விட்டுவைத்தாராம். அதனால் இதைப் பற்றி எதையும் அவர்கள் ஃபோனில் எழுதிக்கொள்ளவில்லை. கால்நடை மருத்துவமனை டெலிஃபோனிலிருந்து டிப்போ டெலிஃபோனுக்குப் பேசித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தவளை கேட்டுக்கொண்டதால் அக்கா என்னிடமும் சொல்லவில்லை. இது எனக்கு அன்று தெரிந்திருந்தால் என்று சொல்லித் தப்பிக்க நான் இங்கே வரவில்லை. தெரியாமல் செய்தேன் என்பது உண்மை, வேண்டுமென்றே செய்தேன் என்பதும் உண்மை.

சென்ற புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேல் கடையின் பின்பக்கம், லென்ஸ் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தேன். தவளை, "கிளம்பிட்டேன். ரெண்டு மணி பஸ்" என்று எழுதியிருந்தார். அக்கா ஒரு இதயப் படம் மட்டும் போட்டிருந்தார். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, ஒன்று இருபதுக்கு, அக்காவின் கணக்கிலிருந்து, அக்கா எழுதுவதுபோல் கீழ்க்கண்டதை எழுதிப் பொறாமையில் அனுப்பினேன்: "நீ வர வேண்டாம். நீ சொன்னது எதையும் நான் நம்பல. உன் வீட்டுலயே இரு. இனிமே என்கிட்ட பேசாதே." நம்பவில்லை என்று நான் எழுதியது விளையாட்டில் அவர் சொன்ன பதில்களை மனதில் வைத்து. அதன் பிறகு அக்காவின் பக்கத்திலிருந்து அந்தச் செய்தியை அழித்து, தவளையிடமிருந்து பதில் வராதபடி தடுத்து வைத்தேன். அக்கா அந்த நேரம் ஃபோனைப் பையில் போட்டுவிட்டு டிப்போவில் வேலையாக இருந்திருக்கிறார். அதன் பிறகு கை கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அன்று மதியம் ஏழு ஜோடி முடித்தேன். மனது லேசாக இருந்தது. இதையும் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

தவளை தன் ஊர் பஸ் நிலையத்தில் பையுடன் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறார். டிப்போ டெலிஃபோனுக்கு மூன்று முறை முயன்றிருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. போவதற்கு வேறு இடம் இல்லாததால் மூன்றரை மணிக்கு வீட்டுக்கே திரும்பியிருக்கிறார். கணவர் அதற்குள் வந்து, அலமாரியில் துணியும் சான்றிதழ்களும் இல்லாததைப் பார்த்துவிட்டார். நடந்ததைத் தவளை ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பதால் நான் சொல்லவில்லை. அவருக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, வலது காதில் கேட்கவில்லை. அக்கா அன்று நாலு மணியிலிருந்து ஆறரை மணி வரை, ஒவ்வொரு பஸ்ஸாக ஏறிப் பார்த்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றிருந்தாராம்.

வெள்ளிக்கிழமை உங்கள் நிலையத்திலிருந்து அக்காவைக் கூப்பிட்டு அந்தச் செய்தியைக் காட்டியிருக்கிறீர்கள். மனைவி மாடிப்படியில் விழுந்தாள், அவளுக்குக் கதை கட்டுவது வழக்கம், அவளுடைய சிநேகிதியே நம்பவில்லை பாருங்கள் என்று கணவர் சொல்லியிருக்கிறார். அக்கா தான் எழுதவில்லை என்று சொல்லியும், சிநேகிதியைக் காப்பாற்றுவதற்காக இப்போது எழுதவில்லை என்கிறார் என்று கணவரின் வக்கீல் சொன்னாராம். கணவர்தான் ஏதோ தந்திரம் செய்து அதைத் தயாரித்துவிட்டார் என்று அக்கா நினைத்தார். என்னை நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை அக்கா கடைக்கு வந்து ஒரு கைக்குட்டையைப் பிரித்தார். உடைந்த மூக்குக்கண்ணாடி ஒன்று இருந்தது. அவளுக்கு இது இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை, உடனே செய்து கொடு, யாரையாவது நம்பித் தருவதென்றால் உன்னிடம்தான் தர முடியும் என்றார். உடைந்த துண்டை வைத்து நம்பர் அளந்தேன். இடது கண்ணுக்கு மைனஸ் ஆறு, வலதுக்கு மைனஸ் ஐந்தே முக்கால். ஒன்றரை மணி நேரத்தில் முடித்து, மாலை பார்வையாளர் நேரத்தில் அக்காவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அதற்கு முன் தவளையை நான் நேரில் பார்த்தது இல்லை. உயரமான, சத்தமாகச் சிரிக்கிற ஒருவரைத்தான் மனதில் வைத்திருந்தேன். கட்டிலில் இருந்தவர் மெலிந்தவர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. இது என் தங்கை என்று அக்கா சொன்னதும், "கண்ணாடியா?" என்று எழுந்து உட்காரப் பார்த்தார். உங்கள் கேள்விகள்தான் குழுவிலேயே கஷ்டம், மாடுகளுக்கு ஊசி போடும்போதுகூட அதையே யோசித்துக்கொண்டிருப்பேன் என்றார். வலது காதில் கட்டு இருந்ததால் கண்ணாடியின் கால் அதன்மேல் உட்காரவில்லை. நான் குனிந்து, கட்டின்மேல் படாதபடி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். அப்போது அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். தவளை தாழ்ந்த குரலில், "அக்கா மேல எனக்குக் கோவம் இல்லைன்னு நீங்க சொல்லுங்க. நான் சொன்னா அழறாங்க. அவங்க நம்பாததுல என்ன தப்பு? இது எனக்குத்தான் நடக்குதுன்னு நானே ரொம்ப நாள் நம்பல" என்றார். அக்கா வந்து, அவர் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார். எனக்குக் காய்ச்சல் வந்தால் பிடிப்பதைப் போலவே பிடித்தார். அந்த நிமிடத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. அதன் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வெளியே வராந்தாவில், மருந்து தள்ளுவண்டி நிற்கும் இடத்தில் அக்காவிடம் அந்தச் செய்தியை எழுதியது நான் என்று சொன்னேன். டேப்லெட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதைக் கையில் வாங்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எதுக்குடீ?" என்றார்.

"அவ வந்ததுலேர்ந்து நீ என்கிட்ட ஒரு கேள்வி கேக்கல."

அக்கா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "இதை என்கிட்ட ஏன் சொல்றே. அவகிட்டப் போய்ச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னுடன் பேசவில்லை.

நான் உள்ளே போய்த் தவளையிடம் சொன்னேன். கேட்காத காதின் பக்கம் நின்று ஆரம்பித்துவிட்டேன், அவர் இந்தப் பக்கம் வரச் சொன்னார், சுற்றிப் போய் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். முழுவதும் கேட்டார். அழவில்லை. நான் போட்டுவிட்ட கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்போ அக்கா நம்பினாங்க" என்றார். ஆமாம் என்றேன். "இதை எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். கொடுப்பேன் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் நீங்கள் இல்லை என்று சொன்னதால் இன்று வந்தேன்.

டேப்லெட்டை உங்களிடம் ஒப்படைத்துள்ளேன். அக்காவின் கணக்கு இன்னும் அதில் திறந்தே இருக்கிறது. செய்தியை எழுதியது, அனுப்பியது, அழித்தது மூன்றும் நான் மட்டுமே. அக்காவுக்கு எதுவும் தெரியாது. இதனால் என் மீதும் வழக்கு வரலாம் என்று ஆய்வாளர் அம்மா எடுத்துச் சொன்னதைப் புரிந்துகொண்டேன். கோர்ட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மேலே உள்ளதை ஆய்வாளர் அம்மா எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள். புதன்கிழமை நடந்ததைப் பற்றிய இடத்தில், 'விளையாட்டாக அனுப்பினேன்' என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். வேறு எப்படி எழுதுவது, உங்களுக்கு நல்லதற்குத்தான் அப்படி எழுதினேன் என்றார்கள். அதை அடித்துவிட்டுப் 'பொறாமையில் அனுப்பினேன்' என்று எழுதச் சொன்னேன். அதன்படி திருத்தப்பட்டது. திருத்திய இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றவை எல்லாம் நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)