ஏழு வாரத் தண்ணீர்

— டேய், இன்னும் பச்சையாவா இருக்கு?

— பச்சைதான்க்கா. இந்தச் சொட்டு மருந்து விட்டதும் மஞ்சளா நின்னாத்தான் தண்ணியில அமோனியா இல்லைன்னு அர்த்தம்.

— ஏழு வாரமா வெறும் தண்ணிக்கு விளக்குப் போட்டு வச்சிருக்க. வர்றவங்க மீன் எங்கன்னு கேட்டா நான் என்னடா சொல்றது?

— கண்ணுக்குத் தெரியாத ரகம்னு சொல்லு. பொய்யும் இல்ல. உள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா வளர்க்கிறேன்.

— கிருமி வளர்க்கிறதுல பெருமை வேற.

— நல்ல கிருமிக்கா. மீன் போடுற கழிவு அமோனியாவா மாறும், அது மீனுக்கே விஷம். இதுங்க அதைத் தின்னு தீர்த்துடும். இதுங்க குடியேறின பிறகுதான் மீனை விடணும். அதுவரைக்கும் தினம் ஒரு சிட்டிகை தீனியை அழுகவிட்டு விருந்து வைக்கிறேன்.

— கட்டினவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு கொடுத்திருப்பியா?

— அவளுக்கு வாய் இருக்கு, கேட்டு வாங்கிக்குவா.

— எங்க இருக்கு? என்கிட்ட நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசினதில்ல. நான் எப்போ நடையைக் கட்டுவேன்னு நாள் எண்ணிக்கிட்டு இருக்கா.

— பொண்ணு பாக்கப் போனப்போ என்கிட்டயே மொத்தம் மூணு வார்த்தைதான். அதுல ரெண்டு, ‘யோசிச்சு சொல்றேன்’.

— சிரிக்காதடா. இந்தத் தொட்டி வந்த வாரம்தான் நானும் வந்தேன். வேண்டாத இடத்துல படுத்தா எப்படித் தூக்கம் வரும்னு உனக்குத் தெரியாது. மீன் எப்போ வரும், அதைச் சொல்லு.

— கடைக்காரர் நாலு வாரம்னார், அப்புறம் ஆறுன்னார். நேத்து என் குரலைக் கேட்டதுமே, ‘சார், தபால்தலை சேகரிக்கலாமே’ங்கிறார். வெள்ளிக்கிழமை பச்சை கொஞ்சம் வெளிறுது. ஞாயித்துக்கிழமை பாத்தா பழையபடி பச்சைப்பசேல். எங்க தப்பு பண்றேன்னே புரியலக்கா.

— நடுவுல சனிக்கிழமை என்ன நடக்குது?

— நான் வேலைக்குப் போயிடுறேன். வேற என்ன நடக்கும்?

— டேய்... அந்த மோட்டர்ல ஒரு கருப்பு ஸ்பாஞ்சு மாட்டியிருக்குல்ல?

— ஃபில்டர் ஸ்பாஞ்சு. அத்தனை பேரும் அதுலதான் குடியிருக்காங்க. ஏன்?

— அதைத்தான் நான் சனிக்கிழமை சனிக்கிழமை கழுவுறேனே!

— கழுவுறியா!

— ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல முப்பது வருஷம் இருந்தவ கையில அழுக்கைக் கொடுத்தா சும்மா விடுவேனா? கொதிக்கிற தண்ணி, கிருமிநாசினி, ரெண்டு அலசல். பளிச்சுனு இருக்கும்.

— அடிப்பாவி! அது பளிச்சுனு இருக்கிறதைப் பாத்து, பாக்டீரியா அழுக்கையெல்லாம் தின்னுடுச்சுன்னு ஆபீஸ்ல பீத்திக்கிட்டேன்க்கா. வாராவாரம் ஒரு ஊரையே அவிச்சிருக்க.

— எனக்கென்னடா தெரியும்? உன் பொண்டாட்டிதான் கழட்டிக் கொண்டாந்து தர்றா. ‘அக்கா, இதை நல்லாக் கழுவித் தர்றீங்களா?’ன்னு. அவ என்கிட்ட வாய் திறந்து பேசுறதே அது ஒண்ணுதான்.

— அவளா? இருக்காது. சாப்பிட உக்காந்தா அவளுக்குத்தானே பாடம் எடுக்கிறேன். போன மாசம் நானே அந்த ஸ்பாஞ்சைக் குழாய்ல காட்டப் போனப்போ, ‘எல்லாம் செத்துடும்’னு கையைப் பிடிச்சுத் தடுத்தவ அவ.

— அப்போ தெரிஞ்சேவா கொடுத்தா? எதுக்குடா?

— அதான் எனக்கும் புரியல. நீ அவகிட்ட ஏதாவது சொன்னியா?

— நான் என்னத்தைச் சொன்னேன்? வந்த அன்னிக்கு, ‘பயப்படாதம்மா, இந்தத் தொட்டியில மீன் விட்ட மறுநாளே நான் கிளம்பிடுவேன்’னேன். அவ்வளவுதான்.