மான் வேட்டை முடியட்டும் என்றேன்

மேடையில் வீற்றிருக்கும் பள்ளிக் குழுத் தலைவி அவர்களே, போதகர் அவர்களே, முப்பத்தொரு ஆண்டுகள் வெர்னாவோடு வாழ்ந்த லாயிட் ஹோஸ்லர் அவர்களே, ஆசிரியர்களே, மாணவர்களே, நாற்காலி இருந்தும் கதவோரம் நிற்கும் டெரிக்கின் தந்தை கிளைட் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி முதல்வர் என்ற முறையில் இந்த நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். வெர்னா ஹோஸ்லர் அவர்கள் கேட்கச் சொன்ன ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டவனாகத்தான் நான் நிற்கிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

பத்தொன்பது ஆண்டுகள் நம் பள்ளியின் மாணவர் ஆலோசகர் அவர். அவர் மேசையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறைய உப்பு பிரெட்ஸல் பிஸ்கட் இருக்கும். பிள்ளைகள் தின்ன வருவார்கள், தின்றுவிட்டு அழுவார்கள். ஒரு வருடம், அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பையன் நானும் அவனோடு போய்விடுகிறேன் என்று அந்த அறையில் சொன்னான். வெர்னா என்ன செய்தார்? பால் கறந்துகொண்டிருந்த அவன் அப்பாவிடம் நேரே போய் நின்றார். வீட்டிலிருந்த ஏழு துப்பாக்கிகளையும் வாங்கித் தன் காரிலேயே ஏற்றி வந்தார். லாயிட், அந்தக் குளிர்காலம் முழுக்க அவை உங்கள் கொட்டகையில் பூட்டிக் கிடந்தனவே. அந்தப் பையன் இன்று இந்த ஊரின் தீயணைப்பு வீரன். இதோ, இந்த மண்டபத்துக்கு நாற்காலி போட்டவன் அவன்தான். தன் கதையைச் சொல்லச் சொன்னவனும் அவனே.

அப்பேர்ப்பட்டவர் மூன்று வாரங்களுக்கு முன் என் அறைக்கு வந்தார். நம் மாணவன் டெரிக் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, கால்பந்தையும் விட்டுவிட்டான் என்றார். அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், துப்பாக்கிப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்றார்.

நான் சிரித்தேன். "வெர்னா, மான் வேட்டைக்கு ரெண்டு வாரம்கூட இல்ல. இப்பப் போய் கிளைட்கிட்ட துப்பாக்கியப் பூட்டி வைன்னு சொன்னா என்னை ஊரை விட்டே துரத்திடுவாங்க."

"பூட்டச் சொல்லலப்பா. சாவி எங்கன்னு கேளுன்னுதான் சொல்றேன். மனசு நொந்த பிள்ளைங்க யாரையும் சுட மாட்டாங்க, கால்வின். நூத்துல ஒருத்தன்கூட மாட்டான். தன்னையே சுட்டுக்குவானோங்கறதுதான் என் பயம். அந்த ஒரு மோசமான நாள்ல சாவி கைக்கு எட்டாம இருந்தாப் போதும்."

"வேட்டை முடியட்டும். அந்த வாரம் புதன்கிழமை கூப்பிட்டுப் பேசலாம்."

கதவருகே போனவர் திரும்பி நின்றார். "சரி, உன் வீட்டுச் சாவி எங்க இருக்கு?"

"என் வீட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

வேட்டையின் முதல் நாளான திங்கட்கிழமை, வழக்கம்போலப் பள்ளிக்கு விடுமுறை விட்டோம். நானும் கிளைடும் ஒரே மரத்தடியில் ஒரே குடுவையிலிருந்து காப்பி குடித்தோம். டெரிக் வரவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு வருடமும் தவறாதவன்.

"எங்கய்யா பையன்?" என்றேன்.

"வரலைங்கறான். எந்நேரமும் தூக்கம். வயசுக் கோளாறு" என்றார் கிளைட்.

கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. நான் கேட்டேனா? இல்லை. நல்ல நாளைக் கெடுப்பானேன் என்று இன்னொரு சாண்ட்விச் எடுத்தேன். கிளைட், உங்களைத் திட்டியும் மிரட்டியும் கடிதங்கள் வருவதாகக் கேள்விப்பட்டேன். அதில் பாதி எனக்கு வர வேண்டியது.

மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் டெரிக் பக்கவாட்டுக் கதவு வழியே அப்பாவின் துப்பாக்கியோடு வந்தான். எல்லோரும் வகுப்பறைகளுக்குள் ஓடினோம். நானும் என் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். விதிமுறை அப்படி. வெர்னா மட்டும் வெளியே வந்தார். துப்புரவுப் பணியாளர் கேட்ட அவருடைய கடைசி வார்த்தைகள் இவை: "டெரிக், ஜாடிய இப்பதான் நிறைச்சேன். வா, வந்து உட்காரு."

ஒரே ஒரு குண்டு. அதன்பின் அவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே இருந்த நானூறு பிள்ளைகளும் அன்று வீடு திரும்பினார்கள். யாரால் திரும்பினார்கள்? சாவியோடு கதவுக்குப் பின்னால் நின்ற என்னாலா?

நேற்று என் வீட்டுச் சமையலறையில் நின்று பார்த்தேன். துப்பாக்கிப் பெட்டியின் சாவி, காப்பிக் கோப்பைகளுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. என் மகளுக்குப் பதினாறு வயது. இதை இங்கே சொல்லச் சம்மதித்து, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இது துப்பாக்கிப் பெட்டிச் சாவின்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியும்ப்பா. போன மாசம் ஒரு நாள் கையில எடுத்தேன். ரொம்ப நேரம் வெச்சிருந்துட்டுத் திருப்பி மாட்டிட்டேன். மறுநாள் வெர்னா ரூமுக்குப் போனேன். மனசு சரியில்லன்னு மட்டும் சொன்னேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலையேப்பா."

என் வீட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன் அல்லவா? வெர்னா அவர்களே, சம்பந்தம் இதுதான். நீங்கள் அன்றே என்னிடம் கேட்டுவிட்டீர்கள்.

அந்தச் சாவி இப்போது வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. மகளும் நானும் திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அது முடிந்ததும் நம் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நானே வருவேன். வேட்டைக் காலமானாலும் வருவேன், கதவைச் சாத்தினாலும் மறுநாள் வருவேன். வெர்னாவின் வேலை இந்த ஊரில் நிற்காது. இப்போது எல்லோரும் எழுந்து அவருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். அந்த ஒரு நிமிடமும் நீங்கள் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது?