நேர்வழியில் ஒரு மதில்

— அதை விடும் நிலுஜா. உம்மட கொம்பியூட்டருக்குள்ள நடக்கிற சனம் என்ர தேத்தண்ணிக் கடையடியால வருகுதோ இல்லையோ, அதைச் சொல்லும் பாப்பம்.

— முதல்ல வந்ததுகள், யூலியானா அக்கா. அதாவது, துறையில லோஞ்ச் வள்ளத்தால இறங்கிற நானூறு பேரை மொடலுக்குள்ள விட்டனான். நானூறும் உங்கட வாசலாலதான் நாரந்தனைப் பஸ் நிக்கிற சந்திக்குப் போச்சுது. நேர்வழி அதுதானே, முந்நூறு மீற்றர்.

— கெட்டிக்காரச் சனம். பிறகென்ன, புது நடைபாதையை இதால போடச் சொல்லி எழுதிவிடும். லைற்றும் வரும், இருக்க வாங்குப் பலகையும் வருமெண்டனீர்.

— அவசரப்படாதேங்கோ. மொடல் சரியோ எண்டு கமராவோட ஒப்பிட்டுப் பாக்கவேணும். அதாவது, துறையடிக் கமராவில நேரே வந்தது பதினொண்டுதான். மற்றதெல்லாம் கோயிலுக்குப் பின்னால ஒரு கிலோமீற்றர் சுத்திப் போகுது.

— பதினொண்டோ? அண்டைக்கு நான் கண்டது அஞ்சு பேரெல்லே.

— மிச்சம் ஆறும் மாடு அக்கா. கமரா நடக்கிறதெல்லாத்தையும் எண்ணும்.

— மாட்டுக்கு இருக்கிற விளப்பம் மனுசருக்கு இல்லை.

— மொடலும் கமராவும் ஒத்துவராட்டி எங்கட ஒப்பீஸ் சேர் அறிக்கையைத் திருப்பி விட்டிடுவார். அதால நேர்வழிக்குக் குறுக்கால ஒரு மதில் போட்டனான்.

— எங்க போட்டனீர்? எனக்கு ஒரு மதிலும் தெரியேல்லையே.

— கொம்பியூட்டருக்குள்ளதான். போட்டவுடன சனமெல்லாம் அச்சொட்டாக் கமராவில மாதிரியே சுத்திப் போச்சுது. சேருக்குச் சரியான சந்தோசம்.

— இல்லாத மதிலைக் கட்டி என்ர கடையை மறைச்சுப்போட்டு, சந்தோசமாம். எவடத்தில கட்டினனீர், சொல்லும் பாப்பம்.

— அந்த ரெண்டு கரண்ட் போஸ்ற்றுக்கும் நடுவில. வேற எவடத்தில வைச்சுப் பாத்தும் பொருந்தேல்லை.

— பிள்ளை, உமக்கு ஆர் சொன்னது?

— என்னத்தை அக்கா?

— அதிலதான் ஆமிக் காம்ப் கேற் இருந்தது. சைக்கிளால இறங்கி, தொப்பியைக் கழட்டி, அடையாள அட்டையைக் காட்டி, உருட்டிக்கொண்டு போகவேணும். காம்ப் எழும்பிப் போய் இப்ப ஒன்பது வருசம். கேற்றும் இல்லை, மண்மூட்டையும் இல்லை. இனிச் சனம் இதாலதான் வரும் எண்டு நம்பித்தான் இதில கடையைப் போட்டனான்.

— அப்ப ஏன் இன்னும் சுத்துகினம்?

— கேட்டுப் பாரும். பின்பக்கம் நிழலாம். அங்க ஒரு மரம் கிடையாது. எங்கட பக்கத்துவீட்டு ஜெகதீஸ் நேரேதான் வருவார், ஆனா அந்தப் போஸ்ற்றடியில மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு உருட்டுவார். எஞ்சின் சூடாம். காம்ப் போனாப் பிறகு பிறந்த பிள்ளையளும் சுத்தித்தான் போகுதுகள். தாய்மார் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனால் அதுகள் என்ன செய்யும்? எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

— நீங்கள் அந்தப் போஸ்ற்றடியால போறனீங்களோ?

— எனக்கெங்க பிள்ளை நேரம்? கடையை ஆர் பாக்கிறது?

— கடையில இப்ப நான் மட்டும்தானே இருக்கிறன்.

— நக்கல் வேண்டாம். இண்டைக்கே அந்த மதிலை இடியும்.

— நான் இடிப்பன். ஆனா படம் ஒப்பீசுக்குப் போயிட்டுது. நடைபாதை கோயிலுக்குப் பின்னாலதான் எண்டு இண்டைக்கு நாலுமணிக் கூட்டத்தில கையெழுத்து வைக்கப் போகினம். மதில் வெறுமையாக் கிடக்கெண்டு அதில சித்திரம் கீற ஆளும் பாத்தாச்சாம்.

— மதிலே இல்லை, அதுக்குச் சித்திரமோ? பிள்ளை, நடைபாதை அங்கால போனால் நான் கடையைப் பூட்டவேண்டியதுதான். வேற தொழில் எனக்குத் தெரியாது. எதால போடுவினமோ எண்டு நினைச்சு ரெண்டு நாளா நித்திரை இல்லை.

— ஒரு வழி இருக்கு. கமரா இன்னும் ஓடுது. இப்ப வாற லோஞ்ச் சனம் நேரே நடந்துதெண்டால் அதைக் கூட்டத்தில காட்டி நான் கதைப்பன். ஆனா முன்னுக்கு ஒராள் போகவேணும். அதாவது, ஒராள் போனால் மற்றாக்கள் பின்னால வருவினம். மொடலிலயும் அப்பிடித்தான்.

— அவ்வளவுதானே? நான் நடக்கிறன். இல்லாத கேற்றுக்குப் பயந்து சுத்திற சனத்துக்கு நான் நடந்து காட்டுறன் பாரும். இந்தக் கேத்திலைக் கவனிச்சுக்கொள்ளும்.

— லோஞ்ச் கட்டியாச்சு. சனம் இறங்குது அக்கா.

— எல்லாரும் இஞ்சால வாங்கோ, என்னோட வாங்கோ. இதுதான் கிட்ட. நிலுஜா, பாத்தீரோ, வருகுதுகள்.

— ஓம், அறுவது எழுவது பேர் வருகினம். அப்பிடியே போங்கோ. போஸ்ற்றுக்கு இன்னும் இருவது அடிதான். அக்கா, ஏன் நிண்டிட்டியள்? சனமெல்லாம் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது. ஏன் திரும்பி வாறியள்?

— ஒண்டுமில்லை பிள்ளை, அந்த மேசை லாச்சியை ஒருக்காத் திறவும். என்ர அடையாள அட்டை அதுக்குள்ள கிடக்கு.