முந்திரிக்கொட்டைகளையும் எண்ணுங்கள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே! எரிவாயுக் குழாய்த் தொழிற்சாலையின் மேலாளராக இருந்தும், எங்கள் பேச்சுப் போட்டிக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே! அந்தத் தொழிற்சாலையில் உழைத்துக் களைத்து, உடை மாற்றக்கூட நேரமின்றி ஓடி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! கடைசி வரிசையில் கைதட்டக் காத்திருக்கும் தோழிகளே! மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் அம்மாவே! அனைவருக்கும் நடுங்கும் குரலில் என் வணக்கம்.

நடுக்கம் மேடையைப் பார்த்து வந்ததல்ல. சொல்லப் போவதை நினைத்து வந்தது.

எனக்குத் தந்த தலைப்பு ‘கணக்கின் பயன்’. ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும், எப்போது உடையும், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? இதை ஜோசியம் சொல்லாது, கணக்கு சொல்லும். என் அம்மாவின் வேலையே அதுதான். அந்தத் தொழிற்சாலையின் சோதனை அறையில் ஒரு சூட்டுப் பெட்டி. அதற்குள் முப்பது கொக்கி. கொக்கிக்கு ஒரு குழாய். பெட்டிக்குள் ஒரு நாள், சமையலறையில் ஒரு மாதத்துக்குச் சமம். எந்தக் குழாய் எந்த நாளில் வெடித்தது என்று அம்மா நோட்டில் குறிப்பார். சராசரி அறுபத்து நான்கு நாள் வந்தது. ஐந்து ஆண்டு உழைக்கும் என்று அட்டையில் அச்சடித்தார்கள்.

போன வாரம் அந்த நோட்டை நல்ல கையெழுத்தில் படியெடுக்கச் சொன்னார். எழுதிக்கொண்டே வந்த என் பேனா நின்றது.

“ஏம்மா, கொக்கி முப்பதுதானே? முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டுன்னு நம்பர் எங்கிருந்து வந்துச்சு?”

“அதுவா? நாலாம் நம்பரும் பத்தொன்பதாம் நம்பரும் முந்திரிக்கொட்டைடி. எட்டாம் நாள் ஒண்ணு, ஒன்பதாம் நாள் ஒண்ணு புட்டுக்கிச்சு. எடுத்துப் போட்டுட்டுப் புதுசா ரெண்டு மாட்டினேன்.”

“அப்ப அந்த ரெண்டும் சராசரியில வராதா?”

“முந்திரிக்கொட்டைய யாராவது கணக்குல சேப்பாங்களா? வெட்டும்போது ஏதாவது கோளாறா இருக்கும். நான் சேந்த நாள்லேருந்து இப்படித்தான். பேசாம எழுது, தாயே.”

சிரிக்கிறீர்கள். சோதனை அறை அக்காமார்தான் அதிகம் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு அந்தப் பேர் பழக்கம். நானும் சிரித்தேன். பிறகுதான் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தேன்.

வெட்டியதில் கோளாறு என்றால், வெட்டியது யார்? அதே இயந்திரம். அதே இயந்திரம் வெட்டிய குழாய்கள் எங்கே போயின? கடைக்குப் போயின. கடைக்கு மட்டுமா? தொழிலாளர் வீட்டுக்கு ஒன்று என்று அன்பளிப்பாக நம் அடுப்படிக்கும் வந்தனவே! பெட்டியில் உடைந்ததை எடுத்துப் போட அம்மா இருந்தார். அடுப்படியில் உடைவதை எடுத்துப் போட யார் இருக்கிறார்கள்?

சராசரி சமாதானம் சொல்லும். சாவதற்கு முந்துவது யார் என்று சொல்லாது. முதலில் உடைந்ததிலிருந்து ஒவ்வொன்றாக நாளைக் குறித்து, புள்ளி வைத்து, கோடு வரைய வேண்டும். பத்தாம் மாதத்துக்குள் எத்தனை போகும் என்று அந்தக் கோடுதான் சொல்லும். நான் வரைந்தேன். முப்பத்திரண்டில் இரண்டு. பதினாறுக்கு ஒன்று.

இந்த அரங்கில் வரிசைக்குப் பதினாறு நாற்காலி. ஒரு நாற்காலி ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு ஒரு வீடு! பத்து வரிசைக்குப் பத்து வீடு! எந்த நாற்காலி? கணக்குக்கு அது தெரியாது, தாய்மார்களே! எத்தனை என்று சொல்லும், யார் என்று சொல்லாது. அதனால்தான் எனக்குப் பயம். விடியற்காலையில் அம்மா தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டால், போர்வைக்குள் என் மூச்சு நின்றுவிடுகிறது. அன்பளிப்பு வந்து இது எட்டாம் மாதம்.

மணி அடித்துவிட்டது. தெரியும் டீச்சர். பரிசு வேண்டாம், இரண்டு நிமிடம் கொடுங்கள்.

அம்மா, எழுந்திருக்காதே. உட்காரும்மா.

மேலாளர் ஐயா! உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேசை விரிப்பைப் பார்த்தே பேசுகிறேன். என் அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள். அவர் செய்தது எல்லோரும் செய்த வழக்கம். ஆனால் அந்த இரண்டு எண்களையும் அவர் அழிக்கவில்லை, மறைக்கவில்லை, மாற்றி எழுதவில்லை. நோட்டில் அப்படியே இருக்கின்றன. அந்த இரண்டையும் எண்ணுங்கள்! கொடுத்த குழாய்களைத் திரும்ப வாங்குங்கள்!

பெரியோர்களே! வீட்டுக்குப் போனதும் விளக்கைத் தொடாதீர்கள், அடுப்பைத் தொடாதீர்கள். முதலில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சிலிண்டரை மூடுங்கள். பிறகு குழாயை வளைத்துப் பாருங்கள், முக்கியமாகக் கிளிப் போட்ட இடத்தில்.

இன்று மதியம் நான் வளைத்துப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் அந்த நாற்காலி எது என்று இப்போது எனக்குத் தெரியும்.

அம்மா, இன்று நம் வீட்டு அடுப்பு பற்றாது. குழாயைக் கழற்றி, புத்தகப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். இதோ, என் கையில் இருக்கிறது. விரிசலுக்குள் என் நகம் போகிறது.

மீதி ஒன்பது வீடு எதுவென்று எனக்குத் தெரியாது. பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. ஓடுங்கள். வணக்கம்.